சும்மா என்றொரு விளையாட்டு

அந்த விளையாட்டின் பெயர் ‘சும்மா’. சும்மா சொல்லவில்லை, பெயரே அதுதான். அந்தப் பெயரால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தசரதன், அங்கே ஆட வந்த சிந்துஜாவிடம் முதல் நாளே அதில் மாட்டிக்கொண்டார்.

“இன்னா கேம்மா ஆடற?”

“சும்மாண்ணா.”

“சும்மாதான் ஆடற, தெரியுது. அதுக்குப் பேரு இன்னா?”

“பேருதாண்ணா சும்மா.”

“சொல்ல இஷ்டமில்லன்னா வுடு” என்று தசரதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் திரையில் அந்த மூன்று எழுத்தைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் கோபம் தீர்ந்தது. சந்தேகம் தீரவில்லை. பேரே இப்படி என்றால் உள்ளே என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய சிந்துஜாவுக்குப் பத்து நாள் ஆனது.

சிந்துஜாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. 2004ஆம் வருஷம். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ் ஏறி வந்து திருவண்ணாமலையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். படித்து முடித்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை வருஷத்தில் அவள் வேலைக்கு எழுதிப் போட்ட காகிதத்தையெல்லாம் தராசில் வைத்தால் அரை மூட்டை மல்லாட்டை எடை வரும் என்று அவள் அப்பா சொல்வார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அவர் எதையும் மல்லாட்டையில்தான் நிறுப்பார்.

அப்பா பெயர் மண்ணாங்கட்டி. பேர்தான் அப்படி, மழைக்குக் கரைகிற ஆள் இல்லை. இரண்டு ஏக்கர் கொல்லை, ஒரு கிணறு, ஒரு மோட்டார். சாமி விஷயத்தில் மட்டும் அவருக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி தெருவே வேன் பிடித்துக்கொண்டு கிரிவலம் கிளம்பும்போது இவர் வரப்பில் நின்றபடி, “மலய சுத்தினா மல்லாட்ட மொளைக்குமா? அந்த நேரத்துக்குக் கொல்லைய சுத்தினா நாலு களயாவது புடுங்கலாம்” என்று வேனுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்வார். அவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். மனைவி ஆராயி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

வைகாசியில் சிந்துஜாவுக்குப் போளூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு டிராக்டர் விற்கும் ஏஜென்சியில் வேலை. பெண் படித்தவளாக இருக்க வேண்டும், ஆனால் வேலைக்குப் போகக் கூடாது. அப்படியானால் படிப்பு எதற்கு என்று சிந்துஜா கேட்டாள். “பத்திரிகைல பேருக்குப் பக்கத்துல போட வேணாமா?” என்றார் தரகர். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மண்ணாங்கட்டி தீர்ப்புச் சொன்னார்.

“ஆவணி பௌர்ணமி வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள ஒரு வேல கெடச்சிதுன்னா நீ பாட்டுக்குப் போ. கெடைக்கலன்னா போளூர்க்காரங்களுக்குத் தேதி குடுத்துடுவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு ஒக்காரக் கூடாது.”

ஆனி போயிற்று, ஆடி போயிற்று. ஆவணி பிறந்தபோது சிந்துஜாவிடம் இருந்ததெல்லாம் ‘வேலைக்கு ஆள் தேவை’ என்று தசரதன் சென்டர் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாள்தான்.

அந்தத் தாளை ஒட்டியவர் சக்கரவர்த்தி. பெங்களூரில் பெரிய கம்பெனியில் பதினேழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் அதை உதறிவிட்டு வந்து ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தங்கிவிட்டவர். அந்த வட்டாரத்தில் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் தடுக்கி விழுந்தால் தட்டுப்படுவார்கள். வேலை கேட்டு வருகிறவர்களைத்தான் தேட வேண்டும். சக்கரவர்த்தி சும்மா இருக்கத்தான் வந்தார். இருக்க முடியவில்லை. கை அரித்து, ஒன்றரை வருஷம் உட்கார்ந்து ஒரு கேம் செய்துவிட்டார். அதற்கு ‘சும்மா’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

“பெங்களூர்ல என் ஃப்ரெண்டு கேம் கம்பெனி வெச்சிருக்கான். கேம ஆடிப் பாத்து சோதிக்கிறதுக்கு அவனுக்கு ஒரு ஆள் வேணும்” என்று அவர் சிந்துஜாவிடம் சொன்னார். “பத்து நாள், தெனம் ரெண்டு மணி நேரம், இந்த கேம ஆடுங்க. என்ன பாத்தீங்களோ எழுதிக் குடுங்க. உள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கிறவங்கள அனுப்பறேன். ஒருத்தருக்குத்தான் எடம்.”

பத்தாம் நாள் எப்போது என்று சிந்துஜா விரல் விட்டுப் பார்த்தாள். பௌர்ணமிக்கு முந்தின நாள். இதற்கு மேல் ஒரு சகுனம் வேண்டுமா?

அந்த ஒரு இடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். இன்னொருவன் உமேஷ். சோமசேகர குருக்களின் இரண்டாவது பிள்ளை, எம்.சி.ஏ. படித்தவன். அப்பாவும் அண்ணனும் கோயிலில் முறை பார்த்துக்கொண்டிருக்க, இவன் விபூதியை அழிக்காமலே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான். இருவருக்கும் அடுத்தடுத்த கேபின், நடுவில் பிளைவுட் தடுப்பு.

சிந்துஜா அதுவரை பார்த்த கேம்கள் தசரதன் சென்டரில் மற்றவர்கள் ஆடியவை. கார் ஓடும், மோதும், வெடிக்கும். துப்பாக்கி முளைக்கும், ரத்தம் தெறிக்கும். அப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தாள். தூசி வரக் கூடாது என்பதற்காகச் செருப்பை வெளியே விடச் சொல்லி தசரதன் போர்டு வைத்திருந்தார்.

திரை திறந்தது. வெளிறிய வானம். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மலை. மலையைச் சுற்றி மண் பாதை. பாதையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ஆள். முகம் இல்லை. கட்டியிருப்பது வேட்டியா பேண்ட்டா என்பதும் தெரியவில்லை. அவ்வளவுதான். மார்க் ஏறவில்லை, மணி ஓடவில்லை, சுடுவதற்கு யாரும் இல்லை, சாவதற்கும் வழி இல்லை. காற்று அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அதுவும் தசரதன் கடை ஃபேன் சத்தத்தில் அமுங்கிப்போனது. என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். அதுவும் இல்லை.

என்ன செய்வது என்று சிந்துஜா யோசிக்கவே இல்லை. மலை இருக்கிறது, சுற்றிலும் பாதை இருக்கிறது. இந்த ஊர்க்காரிக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மலை வலக்கைப் பக்கம் வரும்படி ஆளைத் திருப்பி நிறுத்தினாள். அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினாள். ஆள் நடந்தான்.

ஒரு மரம் வந்தது. அப்புறம் ஒரு பாறை வந்தது. அப்புறம் கிளம்பின இடமே வந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஒரு சுற்றில் எதுவும் கிடைக்காது, இரண்டாவதில் வரும் என்று நினைத்தாள். இரண்டாவதில் அதே மரம், அதே பாறை. மூன்றாவதிலும் அப்படித்தான். நடக்கிற நடையிலேயே மரத்தின் மேல் ஏற முடிகிறதா என்று பார்த்தாள், முடியவில்லை. பாறையை நகர்த்திப் பார்த்தாள், நகரவில்லை. மலை மேல் ஏறப் போனால் ஆள் தலையைத் தூக்கி மலையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான், உடனே பாதைக்கே திருப்பினாள். இரண்டு மணி நேரம் முடிந்தபோது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றம் என்பதைவிடக் கோபம் என்று சொல்லலாம். ஒன்றரை வருஷம் உட்கார்ந்து இதையா செய்தார் மனுஷர்? இதைச் செய்வதற்கு அந்தப் பெரிய கம்பெனியிலேயே இருந்திருக்கலாமே.

பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் உமேஷ் முதல் நாள் இருபது நிமிடம்கூட ஆடவில்லை. மீதி நேரமெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாளும் கிரிக்கெட்தான். எட்டிப் பார்த்த சிந்துஜாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அடுத்தவன் தூங்கினால் நமக்கு நல்லது என்று நினைப்பது பாவமானால், வேலை தேடுகிற அத்தனை பேரும் நரகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சுற்றுவதுதான் சுற்றுகிறோம், கணக்கு வைத்துச் சுற்றினால் என்ன? ஏற்கெனவே சுற்றியதையும் சேர்த்து நூற்றெட்டு சுற்று. ஒன்பது நிமிடத்துக்கு ஒன்று என்றால் பத்து நாளைக்குள் அடித்துப் பிடித்து முடித்துவிடலாம். நூற்றெட்டாவது சுற்றில் கதவு மாதிரி ஏதாவது திறந்தாலும் திறக்கும். இந்த ஊருக்கு வந்து இங்கேயே தங்கி மலையைப் பார்த்தே கேம் செய்கிறவர் அப்படி வைக்காமலா இருப்பார்? வைக்காவிட்டாலும் மோசமில்லை. வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சுற்றினால் அது ஒரு கிரிவலக் கணக்கில் சேராதா? காலில் செருப்புகூட இல்லையே.

கேட்டால் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே சுற்றினாள். பாதியில் நின்றால் பலன் கம்மி என்பார்கள் இல்லையா, அதனால் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே மலை தேயவில்லை, பொத்தானில் இருந்த அம்புக்குறிதான் தேய்ந்தது. தசரதன் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் ஒன்றைக் கவனித்தாள். பாதையில் ஆளுக்கு முன்னால் லேசாகக் காலடித் தடங்கள் தெரிந்தன. கிட்டத்தில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். நாம் போன சுற்றில் வைத்தவை என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலை முதல் சுற்றிலேயே தடங்கள் இருந்தபோதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மலை சுற்றுகிற பாதையில் காலடி இல்லாமலா இருக்கும்? நமக்கு முன்னால் எத்தனை பேர் போயிருப்பார்கள்.

வீட்டில் மண்ணாங்கட்டி தினமும் விசாரித்தார். விசாரிப்பதுபோல் இருக்காது, வைவதுபோல் இருக்கும்.

“இன்னிக்கி இன்னா பண்ண?”

“ஆடனேன்.”

“எங்க காலத்துல ஆடனா முட்டிய பேத்துடுவாங்க. இப்ப ஆடறதுக்கு வேல தர்றானாம். ஜெயிச்சியா?”

“அதுல ஜெயிக்கிறதெல்லாம் கெடையாதுப்பா.”

“தோக்கறது?”

“அதுவும் கெடையாது.”

“அப்ப இன்னாதான் இருக்குது அதுல?”

சிந்துஜா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். “ஒரு மல இருக்குது. சுத்தறேன்” என்றாள்.

மண்ணாங்கட்டி வழக்கம்போல் மல்லாட்டை முளைக்குமா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.

பத்தாம் நாள் கடைசி அரை மணி நேரத்தில் நூற்றாறு, நூற்றேழு முடிந்தன. நூற்றெட்டாவது சுற்றில் பொத்தானை இன்னும் அழுத்திப் பிடித்தாள். மரம் வந்தது, பாறை வந்தது. கிளம்பின இடத்துக்கு இருபது அடி இருக்கும்போது மனதுக்குள் போளூர், பெங்களூர், போளூர், பெங்களூர் என்று ஓடியது. கிளம்பின இடம் வந்தது. ஆள் அதைத் தாண்டி நூற்றொன்பதாவது சுற்றுக்கு நடந்தான். திரையில் ஒரு துரும்பு அசையவில்லை. அவள் விரலை எடுத்தாள். இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது என்று தசரதன் வந்து கம்ப்யூட்டரை அணைத்தார்.

எழுதிக் கொடுத்த தாளில் அவள் பொய் எழுதவில்லை. “மலையை நூற்றெட்டு முறை சுற்றினேன். ஒரு மரம், ஒரு பாறை தவிர எதுவும் இல்லை. யாரும் இல்லை. மற்றபடி கேம் நன்றாக இருக்கிறது.” கடைசி வரியை எழுதும்போது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாள் பௌர்ணமி. காலையில் மண்ணாங்கட்டி மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சேத்துப்பட்டில் உரம் வாங்கப் போவதாகச் சொன்னார்.

“போன மாசமும் இப்பிடித்தான் உரம்னு போயி வெறுங்கையோட வந்த” என்றாள் ஆராயி.

“ஸ்டாக் இல்லன்னான். நான் இன்னா பண்றது?” என்று எரிந்துவிழுந்துவிட்டுப் போனார். போகும்போது மகளைப் பார்த்து, “இன்னிக்கிதான கெடு?” என்று மட்டும் கேட்டார். சிந்துஜாவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. மனுஷருக்கு எப்படியாவது போளூரில் தள்ளிவிட வேண்டும் என்று அவ்வளவு அவசரம் என்று நினைத்தாள். அப்பா மேல் அவளுக்கு அன்று இருந்த வெறுப்பு மாதிரி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

பன்னிரண்டு மணிக்கு சக்கரவர்த்தி சென்டருக்கு வந்தார். இரண்டு தாள்களையும் கையில் வைத்திருந்தார். சுற்றி வளைக்கவில்லை.

“உமேஷ் கண்டுபிடிச்சுட்டார். அவரத்தான் அனுப்பறேன்.”

சிந்துஜாவுக்கு முதலில் காது அடைத்தது. அப்புறம் வாய் திறந்தது. “அவர் ஆடவே இல்லியே சார். பத்து நாளும் கிரிக்கெட்டுதான் பாத்துக்கினு இருந்தாரு.”

உமேஷ் அதை மறுக்கவில்லை. “மொத நாளே முடிஞ்சுபோச்சுங்க. ரெண்டே கால் நிமிஷம்” என்றான்.

“எது முடிஞ்சுது?”

சக்கரவர்த்தி கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினார். அதே மலை, அதே ஆள். ஆனால் அவர் ஆளைத் திருப்பி, மலை இடக்கைப் பக்கம் வரும்படி நடக்கவிட்டார். சிந்துஜா பொத்தான் பக்கம் கையை நீட்டினாள். நிறுத்துங்கள் என்று சொல்லத் தோன்றியது. அந்தப் பக்கமாகச் சுற்றுவது சாவுக்கு மட்டும்தான்.

கொஞ்ச தூரத்தில், பாறைக்குப் பக்கத்தில், எதிரே இன்னொரு ஆள் வந்தான். அவனுக்கும் முகம் இல்லை, அதே உயரம். இருவரும் கிட்டத்தில் வந்து நின்றார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர். காற்றுச் சத்தம் நின்றது. வானம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துத் திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது.

“அவர் எப்பவும் மலைக்கு அந்தப் பக்கம் நடந்துகிட்டே இருக்கார்” என்றார் சக்கரவர்த்தி. “உங்கள மாதிரியே அவரும் வலமாத்தான் சுத்தறார், அதே வேகத்துல. நூத்தியெட்டு இல்ல, ஆயிரத்தெட்டு சுத்தினாலும் பாக்க முடியாது. பாதையில காலடி பாத்திருப்பீங்களே, அதெல்லாம் அவரோடதுதான். ஒரு தடவ எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தா பாத்திருப்பீங்க. ஒண்ணுமே செய்யாம ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நின்னிருந்தாக்கூட அவரே உங்ககிட்ட வந்திருப்பார். அதனாலதான் அந்தப் பேரு.”

சிந்துஜா வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வந்து? அப்புறம் இன்னா ஆவும்?”

“அவ்ளோதான்” என்றார் சக்கரவர்த்தி.

“நானும் அதையேதான் கேட்டேன்” என்றான் உமேஷ்.

அவள் உமேஷ் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு எப்பிடிங்க எடப்பக்கமா போவணும்னு தோணுச்சு? அதுவும் நீங்க...” நெற்றியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“கார்த்தால எழுந்தா பிரகாரம் சுத்தறதுதாங்க எங்க பொழப்பு” என்றான் உமேஷ், கொஞ்சம் வெட்கத்தோடு. “கம்ப்யூட்டர்லயுமா அதே பக்கம் சுத்தறதுன்னு திருப்பி வுட்டேன். அது என்ன நெசமான மலையா?”

வேண்டிக்கொண்டு சுற்றினேன் என்பதை எப்படிச் சொல்வது? வேலை கிடைக்க வேண்டும் என்று சுற்றிய அந்தச் சுற்றுதான் வேலையைக் கெடுத்தது என்பதை யாரிடம் சொல்வது? சக்கரவர்த்தி ஆறுதலாக ஏதோ சொன்னார். பொறுமை என்ற சொல் அதில் இரண்டு முறை வந்தது. அவள் கேட்டுக்கொள்ளாமல் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பௌர்ணமி என்பதால் கிரிவலப் பாதையான செங்கம் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஆட்டோவும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துதான் போக வேண்டும், மூன்று கிலோமீட்டர். சாயங்காலம் ஆனால் ரோட்டில் தலைதான் தெரியும். இப்போது உச்சி வெயில், கூட்டம் இல்லை. அங்கொருவர் இங்கொருவராக, அவசர வேலை உள்ளவர்கள் மட்டும் நெற்றியில் வேர்வை வழிய வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் எதிரே வந்தார்கள்.

நூறடி போனதும்தான் அவளுக்கு உறைத்தது. மலை இடக்கைப் பக்கம் இருந்தது. இன்று மட்டுமில்லை, இந்தப் பத்து நாளும் வீட்டுக்குப் போகும்போது இப்படித்தான் போயிருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, இடப்பக்கமாக, ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்காமல். நிஜ மலையைப் போகிற போக்கில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கடந்துவிட்டு, பொம்மை மலைக்குப் போய் ஆசாரம் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. முட்டாள், முட்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

எதிரே வந்த ஒரு அம்மாள், “இன்னாம்மா இது, நல்ல நாள்ல எதிர்ல வர்ற?” என்றாள்.

“பஸ் ஸ்டாண்டு அங்கதாம்மா இருக்குது. நான் இன்னா பண்றது?” என்று சிந்துஜா வெடுக்கென்று சொன்னாள்.

கிரிவலத்தில் கூடவே போகிறவர்களுக்கு முன்னால் போகிறவர் முதுகுதான் தெரியும். எதிரே போகிறவருக்கு அத்தனை முகமும் தெரியும். அப்படி வந்த முகங்களில் ஒன்று அவளைத் தூரத்திலேயே நிறுத்தியது. தலையில் ஈரத் துண்டு. கையில் மஞ்சப்பை. பைக்குள்ளிருந்து ஒரு ஜோடி செருப்பின் வார் வெளியே தெரிந்தது. வரப்பில் நடக்கிறவர்கள் தார் ரோட்டிலும் பாதத்தை ஒன்றன்முன் ஒன்றாக வைத்துத்தான் நடப்பார்கள். அப்படி நடந்து வந்துகொண்டிருந்தார் மண்ணாங்கட்டி.

அவரும் பார்த்துவிட்டார். பார்த்ததும் சட்டென்று பக்கத்தில் இருந்த இளநீர்க் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். இளநீர்க்காரர் ஒரு காயைக் கையில் எடுத்துவிட்டார்.

“அப்பா.”

“வேணாம்பா, வேணாம்” என்று இளநீர்க்காரரிடம் சொல்லிவிட்டு அவர் திரும்பினார். “நீ இன்னாடி இங்க?”

“நான் தெனம் இங்கதான வர்றேன். நீ சேத்துப்பட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க இன்னா பண்ற?”

மண்ணாங்கட்டி தலைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சும்மாதான்” என்றார்.

சிந்துஜா அவர் காலைப் பார்த்தாள். தார் உருகுகிற வெயிலில் பெருவிரலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

“எத்தினி மாசமா?”

“இது மூணாவது.”

“அப்ப உரம்?”

“உரம் அப்பவே வாங்கிட்டேன். மோட்டார் ரூம்ல கெடக்குது. ஒங்கம்மாகிட்ட சொல்லித் தொலைக்காத, ஊர் பூரா தண்டோரா போட்டுடுவா. அப்புறம் வேன்ல போறவன்லாம் என்னப் பாத்து சிரிப்பான்.”

அவளுக்கு அழுகை வந்தது. சென்டரில் வராத அழுகை, நடுரோட்டில், இளநீர்க்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. “கெடைக்கலப்பா. இன்னொருத்தருக்குக் குடுத்துட்டாங்க” என்றாள்.

மண்ணாங்கட்டி நிமிர்ந்து மலையைப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான எரிச்சல் தெரிந்தது. “நான் இன்னும் கால்வாசிகூட சுத்தல. அதுக்குள்ள இன்னாத்துக்கு ரிசல்ட்ட சொன்னாங்க?” என்றார்.

சிந்துஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போளூர்க்காரங்களுக்குத் தேதி குடுத்துட்டியா?”

“யாரு குடுத்தா? அவங்க ரெண்டு தடவ ஆள் அனுப்பினாங்க. நான் உரம் வாங்கப் போயிருக்கேன்னு சொல்லியனுப்பிட்டேன்.”

அதைச் சொல்லிவிட்டு அவர் துண்டை மறுபடி தலையில் கட்டினார். “நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போ. பாதியில நிக்கக் கூடாதுங்கறாங்க. நான் முடிச்சிட்டு, ராத்திரி கரண்டு வர்றதுக்குள்ள வந்து மோட்டார் போடணும்.”

சிந்துஜா குனிந்து செருப்பைக் கழற்றினாள். அவர் கையிலிருந்த மஞ்சப்பையைப் பிடுங்கி அதற்குள் போட்டாள். தார் சுட்டது. அவளும் பெருவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“பதினோரு கிலோமீட்டர் கெடக்குதுடி. ஒன்னால ஆவாது.”

“நூத்தியெட்டு சுத்தியாச்சுப்பா” என்றாள். “ஒருத்தரக்கூட பாக்கல. இது நூத்தியொம்பது.”

மண்ணாங்கட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. வெயிலில் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, இளநீர்க்காரரைக் கூப்பிட்டு இரண்டு காய் வெட்டச் சொன்னார். குடித்துவிட்டு இருவரும் நடந்தார்கள்.